வெயிலுக்குத் துணை

காட்டு ஆஸ்பத்திரியில் பவளம் என்ற தேவாங்குதான் நர்ஸ். ராத்திரி ஷிப்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. விடிந்ததும் மரப்பொந்துக்குள் போய்த் தூங்கிவிடுவாள். வெயில் அவள்மேல் பட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள், கால் ஒடிந்த முயலைத் தூக்கும்போது அவள் கை வலியில் துவண்டது. முயல் நழுவி விழப் பார்த்தது. டாக்டர் ஓணான் அவள் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, "உனக்கு வைட்டமின் டி ரொம்பக் குறைவு. தினமும் காலையில் கொஞ்சம் வெயிலில் உட்காரம்மா" என்றார்.

"அதுக்கெல்லாம் எனக்கு எங்கே டாக்டர் நேரம்? ராத்திரி பூரா வார்டைப் பார்த்துட்டு, காலையில தூங்க வேண்டாமா?" என்று பவளம் நகர்ந்துவிட்டாள்.

முயல் இதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தது. மறுநாள் காலை, "அக்கா, நான் வெயில் காயணும். தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாங்க" என்றது. நோயாளி கூப்பிட்டால் அவள் மறுப்பாளா? தினமும் பாறைமேல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லக் கைவலி விட்டது.

கால் குணமாகி முயல் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த காலையே நாலுகால் பாய்ச்சலில் வாசலுக்கு வந்து நின்றது.

"அக்கா, பயமா இருக்கு."

பவளம் அதை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, பயப்படாம என் பின்னாடியே வா" என்று பாறையை நோக்கி முன்னால் நடந்தாள்.