பனைமரத்தோடு நின்ற கோடு

"யாரக் கேட்டு இங்க அளக்கிறீங்க?"

வரதன் சைக்கிளை வாய்க்கால் கரையில் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். மனைவி சின்னப்பொண்ணைக் கம்பெனி கேண்டீன் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழி. அவள் அங்கே பாத்திரம் கழுவுகிறாள்.

பனைமரத்தடியில் ஒரு பெண்மணியும் யூனிபார்ம் போட்ட நாலைந்து பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். பெண்மணியின் கையில் ஊரையே மேலிருந்து எடுத்த படம்.

"அளக்கலைங்க ஐயா. நான் சந்திரகலா, ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துலேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, அந்த வழியப் படத்துல போடறோம். பாடம்தான்."

"பஸ் ஸ்டாப்புக்கு வழி தெரியாதா உனுக்கு? டெய்லி அங்கதான எறங்குவ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. வரதனுக்கு வரவில்லை. டீச்சர் என்றால் கையில் சாக்பீஸ் இருக்கும். படம் எதற்கு?

ஏஞ்சல் என்கிற பெண் முன்னால் வந்தாள். உள்ளங்கையில் வட்டமாக ஒரு திசைகாட்டி. "வடக்க பாத்து நின்னுக்கணும் தாத்தா. அங்கேர்ந்து கடிகாரம் சுத்துற பக்கமா எவ்ளோ திரும்பி நடக்கறோம்னு டிகிரில எழுதணும். ஒவ்வொரு திருப்பத்துலயும் எழுதினா படத்துல கரெக்டா கோடு வந்துடும். அதான் திசைக்கோணம்."

"போன தபா வந்தவனும் இப்டிதான். கொசு மருந்து அடிக்க வந்தேன்னான். கைல மருந்தக் காணோம், டேப்புதான் கீது. கொஞ்ச நாள்ல கல்லு நட்டுட்டுப் போய்ட்டாங்க."

"எங்கங்க ஐயா?"

"அதோ." மரத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் மதில் நீளமாக நின்றது. "தணிகைவேல் நெலம். அல்லாத்தையும் எடுத்துக்கினாங்க. கோடு இந்தப் பனமரத்தோட நின்னுச்சு. அவன் ஊர விட்டே போய்ட்டான்."

"பாவம்" என்றாள் டீச்சர்.

வரதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இந்தப் பக்கம் உங்க நெலமா? என்ன போட்டிருக்கீங்க?"

"கண்ணு தெரியல? இன்னா போட்டா உனுக்கு இன்னா?"

வேலிகாத்தான் முள் மட்டும் நின்றது. வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"மிஸ், கைல வெச்சா முள்ளு ஆடிக்கினே கீது" என்று சொல்லிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் வரதனின் சைக்கிள் கேரியரில் திசைகாட்டியை வைத்தாள் ஏஞ்சல். குனிந்து பார்த்தாள். "எழுபது டிகிரி. போட்டுக்க ஸ்நேகா."

ஸ்நேகா மடித்த முழங்கால் மேல் படத்தை வைத்து, பாகைமானியைப் பொருத்தி, பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். வரதன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எங்க கீது?"

"இதுதான் பனமரம் தாத்தா. இங்கேர்ந்து இப்டிப் போவுது."

"இது எங்க நெலமாச்சே." அவர் குரல் இறங்கிவிட்டது. "நடுவாலயே போவுது."

"ஐயா, இது வெறும் பாடம்..."

"பாடம்னு நீ சொல்ற. யாரு போடச் சொன்னது? உங்க ஹெட்மாஸ்டரா, தாசில்தாரா? நெலம் பூராவும் போவுமா, கொஞ்சம்தானா? அத்தச் சொல்லு மொதல்ல."

டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்து வேறொரு ஊரில் யாரையோ கட்டி வைத்த கதை அவள் காதிலும் விழுந்திருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இரு ஏஞ்சல். நாம வாய்க்கா கரை மேலதான போகப் போறோம்? கோடு ஏன் நெலத்துக்குள்ள போகுது?"

ஏஞ்சல் விழித்தாள்.

"எது மேல வெச்சுப் பாத்த? சைக்கிள் இரும்பு. முள்ள அது இழுத்துடுச்சு. வகுப்புல நாலு தடவ சொன்னேனே." வரதன் பக்கம் திரும்பினாள். "ஐயா, சைக்கிளக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

வரதன் மனசில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த் தூரத்தில் நிறுத்தினார். ஏஞ்சல் திசைகாட்டியைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்தாள்.

"தொண்ணூத்தஞ்சு மிஸ்."

ஸ்நேகா ரப்பரால் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். கோடு வாய்க்காலை ஒட்டியே நேராகப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

டீச்சர் படத்தை வரதனிடம் நீட்டினாள். "பாருங்க ஐயா. உங்க நெலத்து மேல கோடே இல்ல."

வரதன் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"ஒரு ஓரம்கூட படல?"

"படவே இல்லைங்க. இனிமே நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து போனார். சைக்கிளை எடுத்தார். போகப்போகிறார் என்று நினைத்து டீச்சர் மூச்சு விட்டாள்.

போகவில்லை. சைக்கிளைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் ஸ்டாண்டு போட்டார். கேரியரைத் துண்டால் துடைத்தார்.

"போன தபாவும் இப்டிதாம்மா, மரத்தோட நின்னு போச்சு. தணிகைவேலு நெலத்துக்கு வந்த துட்டுல மணவாள நகர்ல மாடி ஊடு கட்டிக்கினு குந்திகினு கீறான்" என்றார். "பாப்பா, அத்த மறுபடியும் இது மேல வெய்யி. மொதல்ல சொன்னியே எழுபது, அத்தையே எழுதிக்க."