ஐரோப்பாக் கிண்ணமும் அம்மன் தேரும்

“வெளியாளைச் சேர்த்தா ஒண்ணும் உருப்படாது! எழுதி வச்சிக்குங்க!”

மஷூர் கடை மேசையில் இந்திரகுமார் ஓங்கித் தட்டியதில் பிளேன்டீ தளும்பியது. சீனி வாங்க வந்த பிரேமலதா திரும்பிப் பார்த்தாள்.

இந்திரகுமார் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். ஆனால் பேச்சு கோயிலைப் பற்றியல்ல; றக்பியைப் பற்றி. இளவயதில் கண்டிக் கடையொன்றில் வேலை பார்த்தபோது தொற்றிய பைத்தியம். அயர்லாந்தின் லென்ஸ்டர் கிளப் தோற்றால் மறுநாள் குருவிட்ட டவுன் வரைக்கும் இவர் குரல் கேட்கும். நேற்று தோற்றிருந்தது.

“பேரு ஐரோப்பாக் கிண்ணம். அதுல தென்னாப்பிரிக்கா கிளப்பும் ஆடுது! தென்னாப்பிரிக்கா எப்ப, மஷூர், ஐரோப்பாவுக்குக் குடி போச்சு?”

“நாம தூங்குறப்ப போயிருக்கும் தலைவரே” என்றார் கடைக்காரர் மஷூர்.

“சிரிக்காதீங்க. நேத்து ஜெயிச்ச பிரான்ஸ் கிளப்பப் பாருங்க. ஒருத்தன் ஃபிஜி, ஒருத்தன் டொங்கா. பூராவும் கைக்காசு ஆளுங்க! அந்த மண்ணுல பொறந்தவன் வெளிய குந்தியிருக்கான்.”

பிரேமலதா தலை குனிந்துகொண்டாள். தோட்டத்தில் பெயர் பதியாமல் அன்றாடக் கூலிக்கு வருகிறவர்களைத்தான் கைக்காசு ஆட்கள் என்பார்கள். அவளும் கைக்காசுதான்.

“சரி தலைவரே, உங்க லென்ஸ்டர்லயும் நியூசிலாந்துக்காரர் ஆடினாரே?” மஷூர் மெல்லச் சீண்டினார்.

“அது வேற!” என்றார் இந்திரகுமார். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

மலை சரிந்து, பிரேமலதா முன்பு இருந்த தோட்டத்தின் லயத்து வீடுகளும் கோயிலும் மண்ணுக்குள் போயிருந்தன. அவளும் புருஷன் சசியும் இங்கே வந்து பழைய ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். திருவிழாவில் அம்மன் தேர் வாசலுக்கு வாசல் நிற்கும். ஆனால் பெயர் பதிந்த குடும்பத்து வாசலில் மட்டும்.

“எங்க வாசல்லயும் ஒரு நிமிஷம் நிக்கட்டுங்க தலைவரே” என்று போன வாரம் அவரிடம் கேட்டிருந்தாள். “கமிட்டியில பேசுறேன்” என்றிருந்தார். இதோ, பதில் காதில் விழுந்துவிட்டது.

கொட்டகைக்குத் திரும்பியதும் சசியிடம் பொரிந்து தள்ளினாள்.

“இனி கேக்கவே வேணாங்க. அந்தாளு பிரான்ஸுல ஃபிஜிக்காரனையே சேக்க மாட்டேங்குறாரு. நம்மளையா சேக்கப் போறாரு?”

சசிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் அழுவது மட்டும் புரிந்தது.

தேரன்று எல்லா வாசலிலும் கோலமும் நிறைகுடமும். பிரேமலதா குடம் வைக்கவில்லை. தகரக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டவள்தான். அம்மனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை அவளால் பார்க்க முடியாது.

தப்பு மேளச் சத்தம் நெருங்கி வந்தது. தாண்டிப் போகவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால், இந்திரகுமாரின் மனைவி இராஜம் கையில் நிறைகுடத்தோடு நிற்கிறாள்.

“தள்ளு புள்ள, சாமி காத்துக்கிட்டு நிக்குது” என்று குடத்தை வாசலில் வைத்து விளக்கேற்றினாள். அவளுக்குப் பின்னால் தேர். தேருக்குப் பின்னால் கமிட்டியின் முணுமுணுப்பு.

“தலைவரே, சட்டம்னு ஒண்ணு இருக்குங்களே!” என்றார் செயலாளர் ஐயாவு.

“இருக்கு. பேர் பதிஞ்சவன் வாசல்லதான் தேர் நிக்கணும். நான் பேர் பதிஞ்சவன். இந்த வருஷம் என் வாசல் இதுதான். அதான் என் வூட்டுல நிக்காம நேரா இழுத்துக்கிட்டு வரச் சொன்னேன்.”

பூசாரி சூடத்தட்டை நீட்டினார். பிரேமலதாவுக்குக் கண்ணீரில் அம்மன் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“வெளியாளைச் சேர்த்தா உருப்படாதுன்னு அன்னைக்குக் கடையில சொன்னீங்களே தலைவரே?”

இந்திரகுமார் அவளை முறைத்தார்.

“அது வேற!”