சிக்னல் வரும் மூலை

குப்பைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கினார்.

ஒரு கோடு வந்தது. போய்விட்டது.

ஒன்பதாம் மாடியில் அவர் மனைவி மஞ்சரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் கிடக்கிறாள். மகன் ஆஸ்திரேலியாவில். வீட்டில் வேறு யாருமில்லை.

வீட்டில் சிக்னலும் இல்லை.

நீச்சல் குளம் இருக்கிறது. யோகா மண்டபம் இருக்கிறது. நாய்களுக்குத் தனிப் பூங்காவே இருக்கிறது. நேற்றுவரை நாரை நின்ற சதுப்பை மண்ணடித்து மூடி இத்தனையும் எழுப்பியவர்கள், ஒரு போன் பேச வழி வைக்கவில்லை.

வைக்கத்தான் செய்தார்கள்.

சி பிளாக் மொட்டை மாடியில் செல்போன் டவர் ஒன்று நின்றது. கதிர்வீச்சு, கதிர்வீச்சு என்று கூப்பாடு போட்டு அதைக் கழற்ற வைத்தவர் இவர்தான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மெழுகுவத்தி ஊர்வலம்கூட நடந்தது, கிளப் ஹவுஸிலிருந்து நீச்சல் குளம் வரைக்கும். அதற்கு மேல் நடந்தால் வியர்க்கும். "எங்கள் மூளை வாடகைக்கு அல்ல" என்று ஆளுக்கொரு அட்டை.

மூளை என்று ஒன்று இருந்தால்தானே வாடகைக்கு விட.

ஊர்வலத்தை அங்கேயே வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். எந்த டவர் வழியாகப் போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"வைஃபை இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் இவர் அப்போது.

இன்று காலை, வாசலில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பொக்லைன் அந்த வைஃபைக்கு வரும் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டது. உலகத் தரம் என்று விளம்பரப் பலகை வைத்த சாலை அது. வருஷம் முழுக்க யாராவது அதைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆக, மிச்சம் இந்த மூலைதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வாரியக் குடியிருப்பு. நகரத்தின் நடுவில் குடிசை போட்டிருந்தவர்களை அழகு கெடுகிறது என்று வாரிக்கொண்டு வந்து கொட்டிய இடம். அவர்கள் மாடியில் ஒரு டவர் நிற்கிறது. அதன் சிக்னல் மதிலைத் தாண்டி, இந்த நாற்றத்துக்குள் மட்டும் வந்து விழுகிறது. அந்த வீடுகளின் ஜன்னல்களில் காயும் துணி கண்ணில் படக்கூடாதென்று மதிலை உயர்த்தியதும் இதே செயலாளர்தான்.

நின்று பேசத் தோதாக அங்கே ஒரே ஒரு கல். அதன்மேல் எதிர்வீட்டு நிகில் காதில் மாட்டிக்கொண்டு ஏதோ மீட்டிங்கில் இருந்தான்.

"நிகில், என் ஒய்ஃபுக்கு..."

அவன் திரும்பாமலே ஒற்றை விரலைக் காட்டினான். ஒரு நிமிஷமாம்.

செயலாளர் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கல்லில் ஏறினார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைத்தது. பெயர், பிளாக், வீட்டு எண் எல்லாம் சொன்னார்.

"வண்டி கிளம்பிடுச்சு சார். போனை மட்டும் கையிலயே வெச்சிருங்க" என்றது அந்தக் குரல்.

கையிலேயே வைத்துக்கொண்டு மேலே ஓடினார்.

மஞ்சரிக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவர் சட்டை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயும் போகாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் துடைத்தார். இந்த மனிதரைப் பார்த்து இரக்கப்படவும் வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வருகிறது.

சைரன் கேட்டது.

சோபா பால்கனியை ஒட்டித்தான் கிடந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சட்டை நுனி இன்னும் அவள் கையில் இருந்தது.

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்து நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

வெளியாள் யார் வந்தாலும் வீட்டுக்காரர் போனில் அனுமதி தட்ட வேண்டும். அதன் பிறகுதான் தடுப்புக் கம்பம் எழும்பும். சங்கத்தின் சட்டம் அது. ஸ்மார்ட் ஆகிறோம் என்று இருந்த இன்டர்காமையும் கழற்றி எறிந்தாயிற்று. காலையில் வைஃபை போனதிலிருந்து விருந்தாளிகளை வீட்டுக்காரர்களே கேட்டுவரை நடந்துபோய்த்தான் அழைத்து வந்தார்கள். சட்டம் என்றால் சட்டம் என்று அதைப் பார்த்துப் பூரித்தவர், இந்த அவசரத்தில் அதை மறந்துபோனார்.

போன மாதம் பிரசவ வலியில் துடித்த பெண்ணைக் கூட்டிப்போக வந்த ஆட்டோவை, அனுமதி வருமுன் உள்ளே விட்டுவிட்டார் பழைய காவலாளி. அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. புதியவனை நிற்க வைத்துச் செயலாளரே பாடம் எடுத்தார்.

"யாரா இருந்தாலும் அப்ரூவல் வந்தாதான் உள்ள விடணும். என் பேரைச் சொன்னாலும் விடக்கூடாது. என்னைப் பார்த்தா சல்யூட் வைக்கணும். புரிஞ்சுதா?"

அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

கேட்டில் அவனுடைய டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிரைவர் இறங்கி வந்து கத்தினார். அவன் டேப்லெட்டைக் காட்டினான்.

இங்கே இவர் தன் போனைப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை.

"உள்ள விடுடா! வண்டிய விடுடா!"

பொக்லைன் இரைச்சலில் அது இரண்டு மாடிகூட இறங்கியிருக்காது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசினார். பைத்தியம் பிடித்தவர் மாதிரி வீசினார்.

சட்டையில் பிடி தளர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

கீழே காவலாளி அண்ணாந்து பார்த்தான். யாரென்று அடையாளம் தெரிந்துகொண்டான்.

குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக, ஒரு சல்யூட் வைத்தான்.