ருமி தேர்ந்தெடுத்த தவளை

ருமியாத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, படபடத்துக்கொண்டிருந்த அந்தப் பச்சைக் காரின் பின்னால் நின்றாள். அவள் புருஷன் கர்தோனோ இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிக் கண்ணை மூடினாலே அடுத்தது வெடிப்புதான். செமேரு எரிமலைகூட அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டு போகும்.

"பிடிக்கலைன்னா வாய்விட்டுச் சொல்லிடு ருமி. மனசுக்குள்ளேயே திட்டாதே."

"கொஞ்சம் சும்மா இருங்க மாஸ்!" மாஸ் என்றால் எங்கள் ஊரில் அண்ணன்; புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜெர்மன்காரன் வண்டு என்று பெயர் வைத்து அனுப்பிய கார், எங்கள் மலாங் ஊரில் இறங்கியதும் எல்லார் வாயிலும் தவளையாகிவிட்டது. எஞ்சின் அதற்கு முதுகுப்பக்கம். பழைய கார் வியாபாரி ஜுமாடியின் முற்றத்தில் அன்று நீலம், வெள்ளை, பச்சை என்று மூன்று தவளைகள் நின்றன.

பழைய எஞ்சினைக் கழற்றிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் ஜப்பான் எஞ்சினைப் பொருத்தி, ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலத்தில் ஊரையே புழுதி குடிக்க வைக்க வேண்டும். இதுதான் கர்தோனோவின் லட்சியம். ஜப்பான் எஞ்சினை ஏற்கெனவே வாங்கி, ஹாலில் பாத்திக் துணி போர்த்தி வைத்திருந்தார். அதன்மேல் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகாத சொந்தக்காரரே இல்லை.

போன தடவை அவர் ஆசையாக வாங்கிய கார், கொல்லையில் நின்று கோழிகளுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாகிவிட்டது. அதனால் ருமி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வண்டியை நான்தான் பார்த்து எடுப்பேன். ஒத்துக்கலைன்னா, ஹால்ல இருக்கிற எஞ்சின் நாளைக்கே பழைய இரும்புக்காரனுக்கு!"

கர்தோனோ ஒத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

எஞ்சின் மாற்றுகிறவர்கள் பார்ப்பதெல்லாம் பாடி ஒன்றைத்தான். கர்தோனோ முதலில் நீலக் காரை விரலால் தட்டிப் பார்த்தார். அடியில் படுத்து ஊர்ந்து பார்த்தார். எழுந்து வந்தபோது புது மாப்பிள்ளை மாதிரி முகம் சிவந்திருந்தது.

"ருமி, பொட்டுத் துரு கிடையாது! கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு!"

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க."

ஜுமாடி சாவியைத் திருப்பினார். நீலக் கார் காசநோய்க்காரர் மாதிரி இருமி இருமி ஓய்ந்தது. "வேண்டாம்" என்று ருமி நகர்ந்துவிட்டாள். வெள்ளைக் காரும் அடியில் எண்ணெய் சொட்டிய குற்றத்துக்காகத் தள்ளுபடியானது.

மிச்சமிருந்த பச்சைக் காரின் பாடியோ சல்லடை. கர்தோனோ உள்ளே குனிந்து பார்த்தபோது, கால் வைக்கும் இடத்தில் முற்றத்துப் புல் முளைத்து அவரை நலம் விசாரித்தது.

ருமி ஒருவழியாகக் கண்ணைத் திறந்தாள். எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பின்மூடிக்குள் கையை விட்டு, பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள்.

"பப்பாளியா வாங்குறே, அமுக்கிப் பார்க்க?" கர்தோனோ தலையில் அடித்துக்கொண்டார். "கையெல்லாம் கரியாகுது பாரு!"

"என் கை என்னைக்கு வெள்ளையா இருந்துச்சு?"

அது உண்மைதான். ஞாயிறுதோறும் சிங்கோசாரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, விற்பனைக்கு ராவோன் குழம்பு வைக்க என்று போய்விடுவாள். குழம்பைக் கருப்பாக்கும் கொட்டைகளை உடைத்து உடைத்து, திரும்பும்போது பத்து நகமும் கருகருவென்றிருக்கும். ஆனால் அந்தக் குழம்பில் ஒரு சொட்டு, இன்றுவரை கர்தோனோவின் நாக்கில் பட்டதில்லை. கேட்டால், "எல்லாம் வித்துப் போச்சு மாஸ்" என்பாள்.

"இதுதான்" என்றாள் ருமி.

"இதா? ஐயோ, இதுல நல்லா இருக்கிறதே எஞ்சின் ஒண்ணுதான். அதைத்தானே கழட்டித் தூரப் போடப் போறேன்!"

"அப்போ பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

கர்தோனோ ஒரு நொடியில் இறங்கி வந்தார். துருவைத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடலாம். ருமி மனம் மாறிவிட்டால் அதை எதை வைத்துப் பற்றவைப்பது?

"சரி, இதையே எடுத்துக்கலாம். ஜுமாடி, என் சம்சாரத்தோட சாமர்த்தியத்தைப் பார்த்தீங்களா? ருமி, கழட்டுற எஞ்சினை உனக்கே பரிசாத் தர்றேன். மிளகாய் அரைக்க வச்சுக்கோ!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"ஜுமாடி, நீங்க சாட்சி."

"ஆகட்டும் இபு" என்று ருமியம்மாவிடம் சிரித்த ஜுமாடி, கர்தோனோ ஐயாவிடம் திரும்பினார். "ஆனா பாக், அந்தச் சக்கரத்தை அப்படி ஆட்டிப் பார்க்க என் மெக்கானிக்குக்கே தெரியாது."

"குருட்டு அதிர்ஷ்டம்யா!" கர்தோனோ வயிறு குலுங்கச் சிரித்தபடி, காரைச் சுற்றி ஓட்டைகளை ஆராயப் போனார். இந்த அளவில் தப்பித்தோமே என்ற நிம்மதியில் சீட்டிகூட அடித்தார்.

ருமி மாமர நிழலுக்குப் போய், கரி படிந்த விரலால் அக்காவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, நம்ம தவளைக்கு அடிச்ச பெயின்ட் காஞ்சிடுச்சா? எஞ்சின் கிடைச்சாச்சு!"