திரும்பாத கழுத்து

மீசை நரைக்கும்வரை ஹர்பன்ஸ் இந்திப் படங்களில் அடிவாங்கும் வில்லன். சினிமாவில் அறை கன்னத்தில் படாது. கை நெருங்கும்போது வாங்குகிறவன்தான் முகத்தை வெடுக்கென்று திருப்ப வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள். கதாநாயகன் சுமித்தின் கையை ஊரே கொண்டாடியது. ஹர்பன்ஸுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். வாழ்நாள் சாதனை விருது மேடையில் அவர் வாயைத் திறந்ததுமே சுமித் மைக்கைப் பிடுங்கினான்.

“பேச்செல்லாம் எதுக்குண்ணே? ஜனங்க அந்த அறையைத்தான் கேக்கறாங்க.”

சிரித்தபடியே ஓங்கி வீசினான். ஹர்பன்ஸ் அசையவில்லை. கை அவர் மூக்குக்கு முன்னால் வெறும் காற்றை அறைந்துவிட்டுப் போனது. விசில் சத்தம் நின்றது.

“இன்னொரு தடவை வீசு சுமித்,” என்றார். “இனிமே பட்டாத்தான் திரும்புவேன்.”