கண்ணாடிக் கணக்கு

பங்கஜத்தின் மூக்கில் புத்தம்புதுசாக மின்னிய மூக்குத்தியைப் பார்த்ததுமே ஜவஹருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கபாலியை விலாவில் இடித்தான்.

"பார்த்தியா? சங்கப் பணம் ஜொலிக்குது."

"சோக்கா கீது நைனா," என்றான் கபாலி. கடையில் பார்சல் கட்டுகிறவன் அவன்.

பங்கஜத்தின் புருஷன் சிதம்பரநாதன், பாண்டி பஜாரில் அவரும் இவர்கள் இருவரும் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் ஊழியர் சங்கப் பொருளாளர். ஆளுக்கு மாசம் ஒரு ரூபாய் என்று வருஷக்கணக்காக வசூலித்த சந்தா அவர் கைக்குத்தான் போனது. அதற்கப்புறம் எங்கே போனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. செயலாளர் ஜவஹர் காலங்காத்தாலே மாம்பலத்தில் இருந்த அவருடைய ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்து நின்றது அதற்காகத்தான்.

போன வருஷம், எழுபத்திரண்டு தீபாவளிக்கு முன்னால், போனஸ் கேட்டு நாலு நாள் ஸ்ட்ரைக் நடந்தது. கடை வாசலில் தொண்டை வறளக் கத்தினவர்களுக்குச் சங்கப் பணத்திலிருந்து ஒரு டீ கூட வரவில்லை. ஆனாலும் அஞ்சாம் நாள் முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சி இறங்கி வந்தார், போனஸும் வந்தது. ஜவஹரைத் தோளில் தூக்கிக்கொண்டு பனகல் பார்க்கைச் சுற்றினார்கள். தோளில் ஏறினவன் மனசளவில் இன்னும் இறங்கவே இல்லை.

இந்த வருஷமும் ஸ்ட்ரைக் என்று அறிவித்தாயிற்று. கையில் நிதி இல்லாமல் இந்தத் தடவை ஒருத்தரும் தெருவில் நிற்கமாட்டார்கள். "சங்கக் கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள பணத்தைக் கொண்டாந்து மேஜை மேல வெக்கிறேன், இல்லேன்னா பதவியை விட்டுடறேன்" என்று ஜவஹர் கூட்டத்தில் சவால் விட்டிருந்தான்.

"மூக்குத்தி புதுசா அண்ணி?" என்று குரலில் தேனைக் குழைத்தான்.

பங்கஜம் பூரித்துப்போய் காப்பியை நீட்டினாள். "எல்லாம் நீங்க போராடி வாங்கித் தந்த போனஸ்ல வாங்குனதுதான் தம்பி. அத்தனையும் ஒத்த ரூபா நோட்டும் சில்லறையும். எண்ணி முடிக்கதுக்குள்ள நகைக்கடைக்காரனுக்கு எரிச்சல் வந்துட்டு."

ஜவஹருக்கு உச்சி குளிர்ந்தது. வந்த வேலையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. கபாலிதான் தொண்டையைச் செருமி ஞாபகப்படுத்தினான்.

சிதம்பரநாதன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஜவஹர் சங்கப் பணத்தைப் பற்றிக் கேட்டான். "பணமா? பத்திரமா இருக்கு."

"எந்த பாங்க்ல அண்ணே?"

"பாங்க்காரன் குடுக்க வட்டி எந்த மூலைக்கு? முதலாளிகிட்ட போட்டு வச்சிருக்கேன்."

கபாலிக்குக் காப்பி புரையேறியது. "எந்த மொதலாளி?"

"நமக்கு எத்தனை முதலாளி? அண்ணாச்சிதான்."

அந்தக் கடையில் அது வழக்கம். தெற்கத்திச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மிச்சம் பிடித்ததை முதலாளியிடமே போட்டு வைப்பார்கள், கல்யாணம் காட்சி என்று வந்தால் வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். சிதம்பரநாதன் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததும் அங்கேதான் இருந்தது.

"நாம ஸ்ட்ரைக் பண்றதே அவரை எதிர்த்துத்தானே அண்ணே?"

"அது தொழில் தகராறு. பணத்துக்கு அவரை நம்பாம யாரை நம்பச் சொல்லுதே? உன்னையா?"

"சரி, ரசீதாவது இருக்கா?"

"அண்ணாச்சிகிட்ட போயி ரசீது கேக்கவா?" சிதம்பரநாதனுக்கு அந்த வார்த்தையே கூசியது.

"போன வருஷம் நாலு நாள் காஞ்சு கெடந்தோமே, அப்பவாவது கேட்டு வாங்கியிருக்கலாமே."

"வாசல்ல நின்னு ஒழிகன்னு கத்திட்டு, உள்ள போயி பணம் குடுங்கன்னா நல்லாவா இருக்கும்?"

ஜவஹர் தலையில் அடித்துக்கொண்டான். மூவருமாக அபிராமபுரத்திலிருந்த முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார்கள். "போன வாட்டி பட்டினி கெடந்தேன். இந்த வாட்டி என் வூட்ல அடுப்பு எரியணும், சொல்லிட்டேன்," என்று கபாலி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அண்ணாச்சி பனியனோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிங்க," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கபாலி மோரை வாங்கிக்கொண்டான். ஜவஹர் தொடவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

"சங்கப் பணம் முழுசும் இப்பவே வேணும் முதலாளி. தொழிலாளி வேர்வை சிந்திச் சேர்த்தது. அதுக்குக் கணக்குக் கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. போன வருஷம் உங்க பெட்டியைத் திறக்க வெச்சு போனஸ் வாங்கினவன் நான், மறந்துடாதீங்க."

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உரிமை இல்லைன்னு யாரு சொன்னா? தை பொறக்கட்டும், வட்டியும் முதலுமா தந்துருதேன். இப்ப கையில இல்ல."

"இல்லைன்னா? அவ்வளவு பணமும் எங்க போச்சு?"

அண்ணாச்சி சிதம்பரநாதனைப் பார்த்தார். பிறகு ஜவஹரைப் பார்த்தார். இது கூடவா தெரியாது என்று அவருக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

"போன தீபாவளிக்கு உங்களுக்கெல்லாம் போனஸ் எதுலேர்ந்து குடுத்தேன்னு நெனச்சிய?"