தொட்டில் ஸ்பிரிங்

பலகை மறுபடியும் துள்ளியது. சூட்டில் இளகியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை மர அச்சு முட்டிக் கிழித்தது.

ஜெயபாலன் மெஷினை ஒரு உதை விட்டான். வலித்தது காலுக்குத்தான்.

மத்தியானம் பிஸ்கட் கடை முதலாளியான தவுக்கே வருகிறார். வட்ட வட்டமாகக் குழி விழுந்த தட்டு, கிழியாமல் ஒன்றே ஒன்று காட்டினால் போதும், ஆர்டர் தருவார். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு வேலை தேடிச் சிங்கப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்றதும் முதலில் கூப்பிட்டது அவனைத்தான். அதற்குப் பிறகு குடியிருக்கும் புந்தோங்கில் அவனுக்கு இலவசமாகக் கிடைத்ததெல்லாம் அறிவுரை.

தொழிற்சாலையில் ஜப்பான் மெஷின் செய்த வேலையை இவன் வீட்டுப் பின்கொட்டகையில் பழைய சாமான்களை வைத்துச் செய்துவிட்டான். மேலே டோஸ்டர் கம்பிகள் ஷீட்டைச் சூடாக்கும். இளகியதும் கீழேயிருந்து அச்சு எழும்பி ஷீட்டில் பதிய வேண்டும். அந்த நொடியில் பழைய வேக்கும் கிளீனர் காற்றை உறிஞ்சும். ஷீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் சரி. அச்சைத் தூக்குவதில்தான் தகராறு.

கார் ஜேக் வைத்தான். அது ஏறி முடிப்பதற்குள் ஷீட் ஆறி விறைத்துப்போனது. கைப்பிடி வைத்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சைக்கிள் சங்கிலி பாதியில் சிக்கிக்கொண்டது.

இன்று காலையில் மனைவி முத்தம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், ஹாலில் நாற்காலி போட்டு ஏறினான். உத்தரத்தில் தொங்கிய தொட்டில் ஸ்பிரிங்கைக் கழற்றினான்.

இரண்டு வருடமாக அது அங்கே சும்மா தொங்கியது. பிள்ளை தவறிய மறுநாள் முத்தம்மா தொட்டில் கட்டியிருந்த பாத்தேக் சாரோங் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். ஸ்பிரிங்கை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

கொட்டகையில் ஸ்பிரிங்கை மாட்டி அதில் அச்சுப் பலகையைத் தொங்கவிட்டான். மிதித்தால் இறங்கும். காலை எடுத்தால் ஏறும். நல்ல யோசனைதான், ஆனால் சனியன், அடங்க மாட்டேன் என்றது. மேலே போய் இடித்து, இறங்கி, மறுபடியும் இடித்தது. ஷீட்டை வீணாக்க வேண்டாமென்று வெறும் பலகையையே மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தான்.

காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அந்த நினைப்பு வராமல் இல்லை. பிள்ளையே இல்லாத வீட்டில் யாருக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டான்.

முத்தம்மா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். மார்க்கெட் கூடையில் ஒரு கீரைக்கட்டுகூட இல்லை.

கொட்டகை வாசலில் நின்று, துள்ளிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு மேலே ஸ்பிரிங்கைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

“வேற வழி தெரியல முத்தம்மா. சும்மாத்தானே தொங்குச்சு.”

அவள் உள்ளே போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தான். பாவமாக இருந்தது. கழற்றித் திரும்ப மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சிங்கப்பூர் பஸ் கண்முன்னால் வந்து நின்றது. கழற்றவில்லை.

திரும்பி வந்தவள் தோளில் அந்தப் பாத்தேக் சாரோங் கிடந்தது. இடுப்பில் அம்மிக்குழவி.

சாரோங்கைப் பலகைக்கு அடியில் தூளியாகக் கட்டினாள். குழவியை அதில் கிடத்தினாள். பலகை தாழ்ந்து, ஆடாமல் நின்றது.

ஜெயபாலனுக்குப் பொறி தட்டியது. ஸ்பிரிங்கின் கொக்கியை மேலே ஏற்றி மாட்டினான். புது ஷீட்டை வைத்துச் சூடாக்கினான். அது இளகித் தொய்ந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தான்.

தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோலப் பலகை மெதுவாக ஏறியது. ஷீட்டில் பதிந்து நின்றது. வேக்கும் கிளீனர் இரைந்தது. வட்ட வட்டமாகக் குழிகள் விழுந்தன.

தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு கீறல் இல்லை. வாய்விட்டுச் சிரித்தான். பிள்ளை கனத்துக்குச் செய்த ஸ்பிரிங்குக்கு வெறும் பலகை எப்படிப் போதும்? இந்தப் புத்தி தனக்கு வரவில்லையே!

அவளைப் பாராட்டத் திரும்பியபோதுதான் தூளிக்குள் கிடந்த குழவியைச் சரியாகப் பார்த்தான்.

மஞ்சள் பூசியிருந்தது. குங்குமப் பொட்டு வைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பிள்ளையை முதல்முதலாகத் தொட்டிலில் போடும் முன்பு, பெண்கள் இப்படித்தான் குழவியைக் கிடத்தி ஆட்டினார்கள்.

“வெறுமனே ஆட்டக்கூடாதுங்க. இப்ப கிளினிக்குலேருந்துதான் வரேன். தை மாசம் வரைக்கும் வச்சுக்குங்க. அப்புறம் ஸ்பிரிங்கு நமக்கு வேணும்லா.”

அவள் குரலில் சந்தோஷம் இல்லை. பயம்தான் இருந்தது.

அவனுக்கும் சந்தோஷம் முதலில் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை தடவை வெறுமனே ஆட்டினோம் என்பதுதான் வந்தது.

வாசலில் தவுக்கேயின் வேன் ஹாரன் அடித்தது. தட்டு தரையில் கிடந்தது.

ஜெயபாலன் பலகையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.